டாஷ்போர்டுக்குள் ஓர் எலி

என் தலையணைக்குக் கீழே பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறது, வாப்பா. பின்னேரம் காரின் முன்லாச்சியிலிருந்து எடுத்தேன். பழைய துணியொன்றில் சுற்றி வைத்திருந்தீர்கள். அவிழ்த்தபோது இரும்பு வாசத்தோடு உங்கள் அத்தர் வாசமும் வந்தது. இத்தனை நாளும் அலுமாரியைத் திறந்து உங்கள் சாரன்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் இப்போது சவர்க்கார வாசம் மட்டும்தான். ஸ்பேனரைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை.

மௌத்தாகிப் போனவர்களுக்குக் கடிதம் எழுதலாமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவுமில்லை. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்கள். விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில், நுளம்பு வலைக்குள், உம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உம்மா பக்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அவர் புரளும்போதெல்லாம் போனை நெஞ்சோடு சேர்த்து வெளிச்சத்தை மறைக்கிறேன். இது கூடாத காரியம் என்றால் அல்லாஹ் மன்னிக்கட்டும். உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் நாளைக்கு விடிவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

காரைப் பழுதாக்கியது நான்தான்.

நீங்கள் போன பிறகு உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இத்தா இருந்தார். அவ்வளவு நாளும் கார் முருங்கைக்குக் கீழே நின்ற இடத்திலேயே நின்றது. முருங்கைப் பூ கண்ணாடியில் விழுந்து காய்ந்து ஒட்டிக்கொண்டது. சோளகக் காற்று தொடங்கியதும் மணல் வந்து ரயர்களைச் சுற்றிச் சின்ன மேடாகக் குவிந்தது. இத்தா முடிந்த கிழமை மாமா வந்து திறப்பைப் போட்டுத் திருப்பினார். ஒரு முக்கல்கூட வரவில்லை.

"பெட்டரி செத்துட்டு," என்றார். சொன்ன பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்து, "அது வந்து... சார்ஜ் போயிட்டு," என்று மாற்றிச் சொன்னார்.

அடுத்த நாளே புதுப் பெட்டரியோடு வந்துவிட்டார். உம்மாவின் கூடப்பிறந்த மூத்த நானா என்ற உரிமையில் உங்களை எதற்கெடுத்தாலும் மறுத்துக் கதைத்த அதே மாமாதான். வேர்க்க வேர்க்க நின்று தன் கையாலேயே மாட்டினார். மாட்டி முடித்துச் சீட்டில் ஏறியதும் ஒரே திருப்பில் எஞ்சினை உயிர்ப்பித்தார். உம்மா முன்னால் இருந்தார். நான் பின்னால்.

எஞ்சின் சத்தம் கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. இரண்டு சீட்டுக்கும் நடுவால் புகுந்து ஏசிப் பொத்தானை அமத்தினேன். குளிரைக் கூட்டினேன். காற்றைக் கூட்டினேன். வரவில்லை என்று திரும்பவும் அமத்தினேன். காற்று வரும் துவாரத்தில் நீங்கள் அத்தர் தோய்த்த பஞ்சு செருகி வைத்திருப்பீர்கள் அல்லவா? அந்த முதல் மூச்சு எனக்கு வேண்டும்போல் இருந்தது. யாருக்கும் கொடுக்காமல் நானே வாங்கிக்கொள்ள வேண்டும் போலும் இருந்தது. டாஷ்போர்டுக்குள் டிக், டிக் என்று இரண்டு தரம் கேட்டது. பிறகு கிறீச் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. துவாரத்திலிருந்து வந்த காற்று பாண் சுடும் போறணையின் வாயைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது.

"கொஞ்சம் ஓடினாச் சரி வரும்," என்றார் மாமா.

சரி வரவில்லை. வீடு வரும்வரை நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

உங்களுக்குத் தெரியாத இன்னொரு செய்தியும் இருக்கிறது. நீங்கள் பாலாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாதக் காசுக்குக் கொண்டுபோய் விடும் மூன்று டீச்சர்மாரும் இத்தா வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் சின்ன டீச்சர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு லைசன் இருக்குத்தானே? நீங்க ஓட்டுங்க. நாங்க உங்களோடயே வாறம். பொம்பிளை ஓட்டினா எங்களுக்கும் நிம்மதி," என்றார். உம்மா அழுகைக்கு நடுவில் ஓம் என்று தலையாட்டினார். நீங்கள் தொணதொணத்து எடுக்கவைத்த லைசன். கிளினிக்குக்குப் போகமட்டும் பாவித்த லைசன். அன்றைக்கு இரவு உம்மா அதை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்ததை நான் கண்டேன்.

போன திங்கட்கிழமை உம்மா முதல்தரம் அவர்களை ஏற்றினார். நான் முன்சீட்டில். ஏசியை நிறுத்தினாலும் சூடு கசிந்து வந்துகொண்டே இருந்தது. பின்யன்னல்கள் பாதிக்கு மேல் இறங்காதது உங்களுக்குத் தெரியும். இறங்கிய பாதியால் காற்றும் மணலும் வந்தன. மூன்று டீச்சர்மாரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். சின்ன டீச்சருக்கு வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. பாதி வழியில் "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க," என்றார். கதவைத் திறப்பதற்குள் சீட்டிலேயே சத்தி எடுத்துவிட்டார்.

இறங்கும்போது மூத்த டீச்சர் மெதுவாகச் சொன்னார். "ஏசியைச் செஞ்சிட்டுச் சொல்லுங்க தங்கச்சி. சனிக்கிழமை வரைக்கும் பாக்கிறம். அதுக்குப் பிறகு வேனுக்குச் சொல்லத்தான் வேணும். குறை நினைக்காதீங்க." உம்மா, "ஓம் டீச்சர், ஓம் ஓம்," என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து சீட்டைத் தனியாகக் கழுவினார். என்னைக் கிட்ட வர விடவில்லை.

செவ்வாய்க்கிழமை கராஜில் கார் திருத்தும் பாஸ் பார்த்தார். "கேஸ் இருக்கு. கம்பிரசர் சுத்துது. உள்ளுக்கு ஒரு சின்ன மோட்டர் போயிட்டு. முழு டாஷ்போர்டையும் கழட்டணும். சாமான் கொழும்பில கிடைச்சாக் கிடைக்கும், கிடைக்காட்டி இல்ல," என்றார். மாமா வரும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டார். சிலாபத்தில் யாரோ விலைக்குக் கேட்கிறாராம். சனிக்கிழமை வந்து காரைக் கொண்டுபோவாராம்.

மாமாவின் மேல் கோபம் வரவில்லை. கற்பிட்டி ரோட்டில் டிப்பர்கள் எப்படி வருமென்று அவருக்குத் தெரியும்; நீங்கள் காரை விட்டு நடந்துபோன அன்றைக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. "ஒருத்தரை மண்ணில அடக்கினது போதும் புள்ள," என்றார் உம்மாவிடம். உம்மா குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினார். ஒரு வீட்டுக்குத் தேவையானதைவிடக் கூடவே வெட்டினார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் அந்த டிக் டிக்கைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்குப் பழக்கமான சத்தம். எங்கே கேட்டேன்?

பழைய பெட்டரி நோய்ப்பட்டிருந்த கடைசி ஆறு மாதம் ஞாபகமிருக்கிறதா, வாப்பா? எங்கோ கரண்ட் கசிகிறது, இரவு முழுக்க வைத்தால் விடிய இறங்கிவிடும் என்று ஒவ்வொரு இரவும் கறுப்பு வயரைக் கழற்றி வைப்பீர்கள். விடிய இந்த ஸ்பேனரால் மாட்டுவீர்கள். "கறுப்பு முதல்ல கழரும், கடைசியா ஏறும்," என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வீர்கள். மாட்டிவிட்டு ஏறி இருந்து, திறப்பை இரண்டாம் படிக்கு மட்டும் திருப்புவீர்கள். டாஷ்போர்டில் விளக்குகள் எரியும். எஞ்சின் ஓடாது. அப்படியே ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து ஏந்திக்கொண்டு பயண துஆ ஓதுவீர்கள். அது முடிந்ததும் நபிக்கு ஸலவாத்து. பிறகு மௌத்தாகிப் போன உங்கள் உம்மா வாப்பாவுக்கு ஒரு பாத்திஹா. பிறகு ரோட்டில் போகிறவர்கள் எல்லாருக்குமாக ஏதோ முணுமுணுப்பு. நான் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு கால் ஆட்டுவேன்.

"வாப்பா, டீச்சர்மார் ரோட்டில நிப்பாங்க."

"நிக்கட்டும். அல்லாஹ்வோட கதைக்கேக்குள்ள ஹோர்ன் அடிக்க ஏலாது."

"சுருக்கமா ஓதுங்களன்."

"சுருக்கமாப் போய்ச் சேரவா?"

அப்போதுதான் டாஷ்போர்டுக்குள் தொடங்கும். டிக் டிக் டிக் டிக். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நான் பயந்தேன். எலி ஒன்று குடியிருக்கிறது என்றீர்கள். "பேசாம இரு. அதுவும் ஓதுது." நீங்கள் கையால் முகத்தைத் தடவும் நேரத்துக்கு அது அடங்கிவிடும். "பாத்தியா, எலி ஆமீன் சொல்லிட்டு. இனிப் போவம்."

உண்மையில் நீங்கள் எலி என்றே நம்பினீர்கள். ஒருநாள் கருவாட்டுத் துண்டு குத்திப் பொறி ஒன்றைச் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோய் டீச்சர்மாரை ஏற்றிவிட்டீர்கள். பாலாவி வரைக்கும் காருக்குள் கருவாட்டு வாசம். மூத்த டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இண்டைக்கு என்ன, மீன் லொறியா?" என்று கேட்டார். பொறியில் எலி விழவில்லை. உங்கள் செருப்புத்தான் மாட்டியது.

கார் மணிக்கூடும் ஞாபகம் வருகிறது. வயரைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு விடியலும் அது ஒரு மணியிலிருந்து தொடங்கும். நீங்கள் அதைத் திருத்தவே மாட்டீர்கள். "எங்கட காருக்கு எண்டைக்கும் ஒரு மணிதான். பிந்தினதாக் கணக்கே இல்ல," என்பீர்கள்.

அந்த ஆறு மாதத்தில் ஒருநாள்கூட ஏசி சூடாக வந்ததில்லை. ஒவ்வொரு விடியலும் பெட்டரி வயர் கழன்று மாட்டப்பட்டும் வந்ததில்லை. அப்படியானால் மாமா மாட்டிய அன்று மட்டும் ஏன்?

நேற்று உம்மாவின் போனில் தேடினேன். ஒரு வீடியோ கிடைத்தது: எந்த நாட்டுக்காரரோ ஒருவர், எங்கள் காரைப்போன்ற ஒரு கார். அவர் கதைத்த மொழி எனக்கு விளங்கவில்லை. கை விளங்கியது. கறுப்பு வயரைக் கழற்றினார். கைமணிக்கூட்டைக் காட்டிக் காத்திருந்தார். மாட்டினார். திறப்பை இரண்டாம் படிக்குத் திருப்பினார். பிறகு, வாப்பா, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். டிக் டிக் என்று கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் துஆ ஓதவில்லை. ஒன்றையும் தொடவில்லை என்று காட்டுவதற்காகத் தூக்கியிருந்தார்.

பிறகு தமிழிலும் ஓரிடத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். டாஷ்போர்டுக்குள் குளிர்க் காற்றுக்கும் சூட்டுக் காற்றுக்கும் இடையில் சின்னக் கதவு இருக்கிறதாம். அதை ஒரு சின்ன மோட்டர் அசைக்கிறது. பெட்டரியைக் கழற்றினால் கதவு எங்கே நிற்கிறது என்பது அதற்கு மறந்துவிடும். கரண்ட் திரும்ப வந்ததும் இந்த முனைவரைக்கும் அந்த முனைவரைக்கும் போய்த் தொட்டுப் பார்த்துப் படித்துக்கொள்ளும். உங்கள் எலி இருட்டுக்குள் தன் வீட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பொத்தான்களை அமத்தினால் பாதியில் குழம்பிப் பிழையாகப் படித்துவிடும். நான் ஐந்தாறு தரம் அமத்தினேன்.

உங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. நீங்கள் தொடாமல் இருந்தீர்கள், அவ்வளவுதான்.

மாமாவிடம் சொல்லலாம். சொன்னால் முதல் கேள்வி, யார் அமத்தினது என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது, கராஜ் பாஸைவிட நீ பெரிய ஆளா என்பது. அதோடு, வயரைக் கழற்றி மாட்டினால் சரி வரும் என்று நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். புதுப் பெட்டரியும் போய்விடலாம். வயர் தொட்டு நெருப்புப் பறக்கலாம்.

நாளை வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். ஜும்ஆத் தொழுகை நேரம் எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் ஓர் ஆண்பிள்ளையைக்கூட ரோட்டில் காண முடியாது. மாமாவும் பள்ளிவாசலில் இருப்பார். உம்மா தொழுதுவிட்டுக் குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருப்பார். எனக்குக் கிடைப்பது அந்த நேரம் மட்டும்தான்.

உம்மா புரளுகிறா

*

இன்று ஞாயிற்றுக்கிழமை இரவு. அன்றைக்குப் பாதியில் நிறுத்தியதற்குக் கோபிக்காதீர்கள். உம்மா எழும்பி, "இன்னும் படிக்கிறியா?" என்று கேட்டார். விஞ்ஞானம் என்றேன். கொப்பியின் அட்டையில் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

பாங்கு சொன்னது. ஒழுங்கையில் செருப்புச் சத்தங்கள் போய் முடிந்தன. பிறகு காற்று மட்டும்தான். நான் தொழுதேன் என்று சொல்வதா, எழும்பி இருந்தேன் என்று சொல்வதா, எனக்கே தெரியாது. உம்மா குர்ஆனை எடுத்துக்கொண்டு அறைக்குள் இருந்ததும் ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்தேன்.

பொனட்டைத் தூக்கித் தடியைக் கொடுக்கவே இரண்டு தரம் தவறியது. கறுப்பு வயரின் நட்டு இலேசில் அசையவில்லை. மாமா அவ்வளவு இறுக்கியிருந்தார். ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு முழுவதையும் கொடுத்தேன். முழங்கை பொனட்டில் அடிபட்டது. கடைசியில் இளகியது. வயரைத் தூக்கித் துணியில் சுற்றித் தள்ளி வைத்தேன்.

எவ்வளவு நேரம் விடுவது? உம்மாவின் போன் உள்ளே இருந்தது. யன்னலால் உம்மாவின் யாசீன் கேட்டது. இப்போதுதான் தொடங்கியிருந்தார். ஒரு யாசீன் நேரம் விடுவோம் என்று முடிவுசெய்தேன். காரின் பக்கத்தில் மணலில் குந்தியிருந்து அதைக் கேட்டேன். வாழ்நாளில் யாசீனை அவ்வளவு கவனமாக நான் கேட்டதில்லை. உம்மா ஓரிடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு தொடர்ந்தார். உங்களுக்காகத்தான் ஓதினார்.

முடிந்ததும் வயரை மாட்டினேன். கறுப்பு கடைசி. அதுதான் கடைசி. ஒரு சின்னப் பொறி பறந்தது. கத்தப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஏறி உங்கள் சீட்டில் இருந்தேன். கால் பெடலுக்கு எட்டியது. நான் வளர்ந்துவிட்டேன், வாப்பா. திறப்பை இரண்டாம் படிக்குத் திருப்பினேன். விளக்குகள் எரிந்தன. மணிக்கூடு ஒரு மணி என்று காட்டியது. அன்றைக்கு ஏறக்குறைய ஒரு மணிதான். இரண்டு கையையும் எடுத்து ஏந்தினேன்.

அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் துஆவின் முதல் வரிக்கு மேல் பாடமில்லை. இத்தனை வருடம் பின்சீட்டில் இருந்து கேட்டும், பகிடி பண்ணியும், முதல் வரிக்குப் பிறகு எனக்குச் சத்தம்தான் ஞாபகம். சொல் வரவில்லை. கண்ணீர் வந்தது.

"என்னடி செய்யிற அங்க!"

உம்மா வாசலில் நின்றார். பொனட் திறந்திருக்கிறது, நான் ஓட்டும் சீட்டில், திறப்பு போட்டபடி. தொழுகைப் புடவை காற்றில் பறக்க ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தார். திறப்பை நிறுத்தக் கையை உள்ளே விட்டார்.

"உம்மா தொடாதீங்க! அல்லாஹ்வுக்காகத் தொடாதீங்க!"

நான் உம்மாவிடம் அப்படிக் கத்தியதே இல்லை. உம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

டிக்.

டிக் டிக் டிக்.

உம்மாவின் கண் பெரிதாகியது. "எலி," என்றார், மிக மெதுவாக. உங்கள் எலியை அவருக்கும் தெரியும். பொறியைத் தேய்த்துக் கழுவியது அவர்தானே.

"கையைத் தூக்குங்க உம்மா. துஆவை ஓதுங்க. எனக்குப் பாடமில்ல."

ஏன் என்று உம்மா கேட்கவில்லை. திறந்த கதவுக்குள் குனிந்து நின்றபடியே கையை ஏந்தினார். ஓதத் தொடங்கினார். உங்கள் இழுவை, நீங்கள் மூச்சு எடுக்கும் இடம், அப்படியே. எலி இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. ஒரு தரம் நின்று, என் நெஞ்சும் நின்று, திரும்பத் தொடங்கியது. உம்மா உங்கள் ஸலவாத்தையும் விடவில்லை. பாத்திஹாவையும் விடவில்லை. இந்தத் தடவை அந்தப் பாத்திஹாவில் உங்கள் பெயரும் இருந்தது. முகத்தைத் தடவியபோது உள்ளே சத்தம் அடங்கியிருந்தது.

"இப்ப?" என்றார் உம்மா.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ஏசியைப் பிறகு போடுவம். ஒருக்கா மட்டும் அமத்துவம்."

நான் மற்றச் சீட்டுக்குத் தாவினேன். உம்மா ஏறி எஞ்சினை உயிர்ப்பித்தார். கொஞ்சம் பொறுத்து நான் ஒரு விரலால் ஒரு தரம் அமத்திவிட்டுக் கையை மடியில் வைத்தேன். முதலில் சூடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு வெதுவெதுப்பு. பிறகு வெறும் காற்று. பிறகு, அதற்கும் பிறகு, குளிர். கன்னத்தில் ஈரத்துணி வைத்தாற்போல் குளிர். அந்தப் பழைய பஞ்சிலிருந்து உங்கள் வாசம் மெல்லிசாக வந்தது. உம்மா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் சொன்னேன். "உம்மா, மாமா பெட்டரி போட்ட அண்டைக்கு அமத்தினது நான்தான். அதாலதான் இது பழுதாப் போச்சு."

"தெரியும். பாத்தேன்."

"ஏன் ஏசல்ல?"

உம்மா ஸ்டியரிங்கைத் தடவினார். "நானும் அமத்தத்தான் கையை நீட்டினேன். நீ முந்திட்ட."

ஜும்ஆ முடிந்து மாமா வந்தபோது பொனட் இன்னும் திறந்துதான் கிடந்தது. அவர் வாய் திறக்கும் முன்னரே உம்மா, "ஏறி இரிங்க நானா," என்றார். மாமா ஏறினார். துவாரத்துக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைக் கொடுத்துப் பார்த்தார்.

"குளிருது. பாஸை யார் கூப்பிட்டது?"

"பாஸ் வரல்ல. உங்கட மருமகள் செஞ்சா."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். நடந்ததைச் சொல்லச் சொன்னார். அமத்தியதையும் சேர்த்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எலியாம்," என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முகம் தெளிந்து, "அப்ப நல்லதாப் போச்சு. நாளைக்கு வாறவருக்கு ஏசியைப் போட்டே காட்டலாம். சந்தோசமா எடுப்பார்," என்றார்.

நான் நினைத்தே பார்க்காத இடம் அது, வாப்பா. திருத்தினால் கார் தங்கும் என்றே நினைத்திருந்தேன். திருந்திய காரை விற்பது இன்னும் இலேசு என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது.

உம்மா குனிந்து அதை எடுத்தார். துணியில் துடைத்தார். மாமாவைப் பார்க்காமலே சொன்னார். "காரை விக்கிறதில்ல நானா. திங்கக்கிழமை டீச்சர்மாரை ஏத்தப் போறேன்."

"ரோட்டைப் பத்தி யோசிச்சியா?"

"நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ள இருந்து அதைத்தான் யோசிச்சேன்."

மாமா இறங்கிப் பின்கதவைத் திறந்து ஏறினார். "அப்ப முதல்ல என்னைப் பாலாவிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவா பாப்பம். பயந்தேன் எண்டா நாளைக்கே வித்திடுவேன்."

பயப்படாமலா இருந்தார்! முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆ எல்லாவற்றையும் சத்தமாக ஓதினார். "பிரேக்! பிரேக்!" என்று ஒரு தரம் கத்தினார்.

"நானா, அது ஆடு. இன்னும் வேலிக்குள்ளதான் நிக்குது."

எதிரே டிப்பர் ஒன்று வந்தபோது நானும் கண்ணை மூடினேன். திறந்தபோது அது போய்விட்டிருந்தது. உம்மா கொஞ்சம் ஓரம் எடுத்து, கொஞ்சம் வேகம் குறைத்து, நீங்கள் செய்வதுபோல் இடது கையின் இரண்டு விரலைத் தூக்கி டிப்பர்காரருக்கு நன்றிகூடக் காட்டினார். பாலாவியில் மாமா இறங்கி எங்கள் மூவருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தார். திரும்பும்போது பின்சீட்டில் தூங்கிவிட்டார். குறட்டை விட்டார், வாப்பா. குளிருக்குள் நன்றாகத் தூக்கம் வருமாம். வீட்டுக்கு வந்து சிலாபத்துக்குப் போன் எடுத்து, "இல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்க, வீட்டில விருப்பமில்ல," என்றார்.

உம்மா டீச்சர்மாருக்கும் எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஓம் டீச்சர், இப்ப நல்லாக் குளிருது... இல்ல, கராஜில இல்ல... எங்கட மகள்தான்." அந்தச் சொல்லை நான் இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

பயம் முழுக்கப் போய்விடவில்லை. உம்மா அந்த ரோட்டில் போய் வரும் ஒவ்வொரு நாளும் டிப்பர்களை எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். பஞ்சிலுள்ள வாசமும் ஒருநாள் போய்விடும். குப்பியில் அடியில் கொஞ்சம் அத்தர் மிச்சமிருக்கிறது. அதைப் பாவிப்பதா, வைத்திருப்பதா என்று உம்மாவும் முடிவெடுக்கவில்லை, நானும் முடிவெடுக்கவில்லை. ஸ்பேனரைத் துணியில் சுற்றித் திரும்ப லாச்சியில் வைத்துவிட்டேன். அது காரோடு இருக்கவேண்டிய சாமான்.

துஆவை இரண்டு நாளாகப் பாடமாக்குகிறேன். நடுவில் ஒரு சொல்லில் மட்டும் நாக்குத் தடுக்கிறது. அந்த இடத்தில்தான் நீங்கள் மூச்சு எடுப்பீர்கள்.

புதுப் பெட்டரி நல்ல பெட்டரி, இரவு முழுக்க விட்டும் இறங்கவில்லை. இனி இரவில் வயரைக் கழற்றத் தேவையில்லை. அதனால் விடியலில் எலியும் வராது. திறப்பைத் திருப்பியதுமே எஞ்சினைத் தொடங்கலாம், காத்திருக்கத் தேவையே இல்லை என்று இன்று பின்னேரம் உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தேவையில்லைதான்," என்றார். பிறகு, "டீச்சர்மாருக்குச் சொல்லிட்டேன், ரெண்டு நிமிசம் பிந்தும் எண்டு," என்றார்.

நாளை திங்கட்கிழமை. உம்மா திறப்பை இரண்டாம் படியில் நிறுத்திவிட்டுக் கையை ஏந்துவார். டாஷ்போர்டு அமைதியாக இருக்கும். நான் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, கால் ஆட்டாமல், ஒன்றையும் தொடாமல் இருப்பேன். உம்மா முகத்தைத் தடவும்போது, எலிக்குப் பதிலாக நான் ஆமீன் சொல்வேன்.